வேம்பு மூடி வைத்த ஒன்பது நாள்

ரவை வறுபடும் வாசனை பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் மணி ஏழு. திருவாரூருக்கும் நாகூருக்கும் நடுவில், வெட்டாற்றங்கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில், கீழத்தெருவானாலும் பள்ளிவாசல் தெருவானாலும் அந்த வாசனையை வைத்துத்தான் பிள்ளைகளை எழுப்பி விரட்டுவார்கள். "வேம்பு உப்புமா கிண்ட ஆரம்பிச்சாச்சு, நீ இன்னும் பாயையே சுருட்டலையா?" என்று.

வேம்புக்கு முப்பத்தாறு வயது. ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைப்பது அவள் வேலை. எட்டு மணிக்குள் அடுப்பை அணைத்து, எட்டேகாலுக்குள் தட்டில் போட்டு, தலைமையாசிரியை கனிமொழி டீச்சர் அதைப் போனில் படம் பிடித்து மேலே அனுப்பிவிட்டால் அன்றைய பாடு முடிந்தது. அதற்கு முன்பெல்லாம் நடவு, களையெடுப்பு என்று வயலில் குனிந்தே கிடந்தவள். அவளுடைய அம்மாவும் குனிந்தே கிடந்து போய்ச் சேர்ந்தவள். நின்றுகொண்டு பார்க்கிற வேலை அந்தக் குடும்பத்தில் வேம்புக்குத்தான் முதன்முதலாகக் கிடைத்தது. அவள் படித்த பத்தாம் வகுப்பு அதற்குத்தான் உதவியது.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. சமைக்கிற பெண் மகளிர் குழுவில் இருக்க வேண்டும், அவள் பெற்ற பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். தன் பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்றால் உப்பு, எண்ணெய் எல்லாம் ஒழுங்காக விழும் என்று யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். வேம்புக்கும் அப்படி ஒரு பிள்ளை இருந்தான். புகழேந்தி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டாம் வகுப்பு. முதல் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டு, "எங்கம்மா வச்சது, எனக்கு ரெண்டு கரண்டி" என்று சட்டம் பேசுவான்.

போன ஐப்பசியில் அவன் செத்துப்போனான். மூளையில் கட்டி. எட்டு வயது.

காரியம் முடிந்து பதினெட்டாம் நாள் வேம்பு சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கனிமொழி டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "அவன் இருந்திருந்தா அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் நீதானே சமைச்சிருப்ப? அதுவரைக்கும் சமை. யாராவது கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் குழுவில் இருந்தார்கள். செம்மொழியின் மகன் ஒன்றாம் வகுப்பு, அவளுக்கு அந்த வேலை மேல் ஒரு கண் உண்டு, தப்பில்லை. கிச்சடியில் ஒரு கல் கிடந்தால் போதும், பேச்சு கிளம்பிவிடும் என்று வேம்புக்குத் தெரியும். அதனால் ரவையை இரண்டு முறை சலித்தாள்.

அந்த நிலைமையில்தான் ஆடி மாதத் திங்கட்கிழமை ஒன்றில் ஷிஃபா வாந்தி எடுத்தாள்.

ஷிஃபா ஒன்றாம் வகுப்பு, பள்ளிவாசல் தெரு நுஸைபாவின் மகள். அத்தா இர்பான் குவைத்தில் ஒரு கடையில் வேலை. பிள்ளை வாசலில் நுழைந்தாள், நேராகக் கை கழுவுகிற குழாயிடம் போனாள், குனிந்து ஒரே வீச்சில் எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து சிரித்தாள். "உப்புமா அம்மா, எனக்குச் சட்னி நிறைய" என்று வந்து உட்கார்ந்தாள். வயிறு முட்டச் சாப்பிட்டாள்.

வேம்பு சுற்றிலும் பார்த்தாள். டீச்சர் இன்னும் வரவில்லை. தென்னங்கன்று அடியிலிருந்து முறத்தில் மண் அள்ளி வந்து அதன்மேல் கொட்டி மூடினாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அது வெறும் வாந்தியோடு நிற்காது. 'காலை உணவு சாப்பிட்ட மாணவிக்கு வாந்தி' என்று சாயங்காலத்துக்குள் ஊரில் இருக்கிற எல்லாப் போனுக்கும் வந்துவிடும். பிள்ளை சாப்பிடுவதற்கு முன்னால் எடுத்தாளா, பின்னால் எடுத்தாளா என்று யாரும் கேட்கப் போவதில்லை. வெறும் வயிற்றில் பால் குடித்திருப்பாள், பித்தமாக இருக்கும் என்று வேம்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் மண். புதன்கிழமையும் மண். சனி ஞாயிறு விடுமுறை போக அடுத்த வாரமும் அதேதான். குழாயடியில் மண் ஒரு சின்னத் திட்டாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் முறத்தைக் கையில் எடுக்கும்போது அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முட்டும். முட்டுவது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூடினாள்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, ஷிஃபா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

"ஏன் பாப்பா, கண்ணுல என்ன தூசியா?"

"இல்லை. பொத்தலைன்னா ரெண்டு தட்டு தெரியுது."

பக்கத்தில் இருந்த பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதான் ரெண்டு தட்டு திங்கிறியா நீ!"

பந்தி முழுக்கச் சிரித்தது. ஷிஃபாவும் சிரித்துக்கொண்டே கண்ணிலிருந்து கையை எடுத்து, தட்டைத் தொடப் போனாள். கை தட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் போய் உட்கார்ந்தது. தலை இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

வேம்புவின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

அந்தச் சாய்வை அவள் பார்த்திருக்கிறாள். அதற்குப் படமே இருக்கிறது. அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தவர், "தம்பி, தலையை நேரா வை" என்று நாலு தடவை புகழின் கன்னத்தைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். விட்டதும் தலை பழையபடி சாய்ந்துகொண்டது. "மாப்பிள்ளை போஸ் குடுக்கறான்யா" என்று அவர் கடைசியில் அப்படியே எடுத்துவிட்டார். அட்டை வந்ததும் வேம்பு தெருவெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

புகழுக்கு வாந்தி ஆரம்பித்தது சம்பா நடவின்போது. காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொள்வான், வாந்தி எடுப்பான், பத்து மணிக்கெல்லாம் பந்து மாதிரித் துள்ளுவான். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறான் என்று வேம்பு முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு பித்தம் என்றார்கள், இஞ்சிச் சாறு கொடுத்தாள். பிறகு, தின்றது ஏதோ வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். பையனைப் படுக்க வைத்து, வயிற்றில் ஈரத்துணியைப் போட்டு, வாயை வைத்து உறிஞ்சி, ஒரு முடிச்சுருளும் கறுத்துப்போன வாழைப்பழத் துணுக்கும் துப்பிக் காட்டினாள். "இதைத் தின்னுட்டுத்தான் தம்பி இந்த ஆட்டம் ஆடியிருக்கு" என்றாள். வேம்பு கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் அவன் வாந்தி எடுக்கவில்லை. அந்த மூன்று நாள்தான் அவளைக் கவிழ்த்தது. மறுபடி ஆரம்பித்தபோது, மறுபடி எதையோ தின்றுவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

வரப்பில் நடக்கும்போது விழுந்தான். எட்டு வயல் தாண்டி ஓடுகிற பிள்ளை, ஒரு முழ வரப்பில் இடது பக்கமாகச் சரிந்து நாற்றுக்குள் விழுந்தான். நடவுக்காரிகள், "என்னடா, காலையிலயே தண்ணி போட்டியா?" என்று கேலி பண்ணினார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து, தள்ளாடுகிற மாதிரி நடித்துக் காட்டினான். நடித்ததா, உண்மையா என்று அன்றைக்கு வேம்பு யோசிக்கவில்லை.

மாசி மாதம் தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வயசில் சின்னவர், பொறுமைசாலி. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூளையில் நீர் ஓடுகிற பாதை ஒன்று இருக்கிறதாம். பின்மண்டையில் கட்டி வந்து அதை அடைத்துவிட்டதாம். ராத்திரி முழுக்கப் படுத்திருப்பதால் அழுத்தம் கூடி, விடிந்ததும் தலைவலியும் வாந்தியும் வருகிறதாம். மதகு அடைத்துக்கொண்டால் மேல்பக்கத்து வயல் முங்கிப் போகும் என்று வேம்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் முடிவதற்குள் புரிந்துவிட்டது.

"நான் என்ன தப்பு பண்ணினேன் சார்? எதனால வந்துச்சு?"

"நீங்க செஞ்ச எதனாலயும் வரலைம்மா. இது யாருக்கு ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"மூணு மாசம் முன்னாடியே கூட்டியாந்திருந்தா?"

அவர் அந்தத் தாளை இரண்டாக மடித்தார். "சொல்ல முடியாதும்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வேம்பு ஆப்பரேஷன் முழுக்க, ஊரில் கரண்டு வைத்தியம் என்கிற முப்பது நாள் கதிர்வீச்சு முழுக்க, ஐப்பசி முழுக்கச் சுமந்தாள். இன்றைக்கும் இறக்கி வைக்கவில்லை.

வியாழக்கிழமை பாத்திரம் கழுவியதும் அவள் வீட்டுக்குப் போகாமல் பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். நுஸைபா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க வேம்பக்கா. என்ன இந்தப் பக்கம்? ஷிஃபா எதும் சேட்டை பண்ணிட்டாளா?"

"இல்லை நுஸைபா. காலைல பாப்பா வாந்தி எடுக்குது."

"ஆமாக்கா, உங்க உப்புமா அவளுக்கு ஒத்துக்கலை போல. நானே சொல்லணும்னு இருந்தேன். இன்னைக்கு வியாழன், நாகூர் போய் தண்ணி ஓதி வாங்கிட்டு வரலாம்னு பார்த்தேன், பஸ்ஸை விட்டுட்டேன். அடுத்த வியாழன் போவணும்."

"சாப்பிடுறதுக்கு முன்னாடியே எடுக்குதும்மா."

நுஸைபா கையில் இருந்த துணியைப் பிழிவதை நிறுத்தினாள்.

"தலை வலிக்குதுங்குதா? நடக்கையில ஒரு பக்கமா சாயுதா? எங்க புகழுக்கும் இப்படித்தான்..."

"அக்கா!" நுஸைபாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "உங்க புள்ளைக்கு வந்தா ஊர்ல இருக்கிற புள்ளைக்கெல்லாம் வரணுமா? என்ன வாயி உங்களுக்கு? காலங்காத்தால வாசல்ல வந்து நின்னு இந்தப் பேச்சா பேசுவீங்க?"

வேம்புக்குக் கோபம் வரவில்லை. அவளிடமும் ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தால் அவளும் விளக்குமாற்றைத்தான் எடுத்திருப்பாள். படி இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு தங்கச்சி. போன ஞாயித்துக்கிழமை எடுத்துச்சா?"

கதவு சாத்துகிற சத்தம்தான் வந்தது.

மறுநாள் எட்டரை மணிக்கு நுஸைபா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கறுப்புத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கனிமொழி டீச்சர் மேசைக்கு முன்னால் நின்று, "டீச்சர், இங்க போடுற சாப்பாடு சரியில்லை. எம்புள்ளை தினமும் வாந்தி எடுக்குது. நான் எழுதிக் குடுக்கப் போறேன்" என்றாள்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தினமுமா? வேம்பு! இங்க வா. என்னைக்காவது பாத்தியா நீ?"

வேம்பு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வெளியே சமையலறை வாசலில் செம்மொழியும் இன்னும் இரண்டு பெண்களும் நின்று எட்டிப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை வீட்டில் எதையோ தின்றதாக ஆகிவிடும், ரவை தப்பித்துவிடும், வேலையும் தப்பித்துவிடும். புகழ் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறவரை.

"ஒன்பது நாளா எடுக்குது டீச்சர். சாப்பிடுறதுக்கு முன்னாடி. இன்னைக்கும் எடுத்துச்சு. நான்தான் மண்ணைப் போட்டு மூடினேன்."

"மூடினியா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு."

டீச்சர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"என்னை அனுப்பிடுங்க டீச்சர். இன்னைக்கே அனுப்பிடுங்க. ஆனா இந்தப் புள்ளையைத் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டா." அவள் ஷிஃபாவைக் கூப்பிட்டாள். "பாப்பா, அந்தச் செங்கல் மேல நடந்து காட்டு பாப்போம்."

செடிகளுக்கு அண்டையாக ஒற்றைச் செங்கல் வரிசை பதித்திருந்தது. இடைவேளையில் பிள்ளைகள் எல்லாம் அதன்மேல் கைகளை விரித்துக்கொண்டு நடக்கும். ஷிஃபா உற்சாகமாக ஏறினாள். முதல் செங்கல், இரண்டாவது. மூன்றாவதில் இடது பக்கம் சரிந்தாள். "இருங்க, மறுபடி" என்று ஏறினாள். மறுபடியும் இடது பக்கம். மூன்றாம் தடவை செடிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டு, தன்னைப் பார்த்துத் தானே சிரித்தாள்.

நுஸைபா ஓடிப்போய் மகளைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். வேம்புவைப் பார்க்காமல் பிள்ளையின் தோளில் வாயை வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமையும் எடுத்தா" என்றாள்.

தஞ்சாவூருக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். கனிமொழி டீச்சர் கார் பிடித்துக் கொடுத்தார். எந்தக் கதவு, எந்த வரிசை, எந்தச் சீட்டை முதலில் வாங்க வேண்டும், ஸ்கேன் அறைக்குள் போகும்போது பிள்ளையின் கொலுசைக் கழற்றி யாரிடம் கொடுக்க வேண்டும், எல்லாம் வேம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அதே நடைபாதை, அதே பினாயில் வாசனை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் புகழ் ஆணியால் கீறிய பு எழுத்து சுவரில் அப்படியே இருந்தது. அதைத் தாண்டும்போது மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டிதான். அதே இடம். ஆனால் சின்னது.

அதே டாக்டர், அதே மாதிரித் தாளில் படம் போட்டார். நுஸைபா அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த அக்கா ஒன்பது நாள் சொல்லாம விட்டுட்டாங்க. அதனால எதும் கெட்டுப்போச்சா சார்?" என்றாள்.

டாக்டர் வேம்புவை நிமிர்ந்து பார்த்தார். யார் என்று தெரிந்துவிட்டது அவருக்கு. "இல்லைம்மா. ஒன்பது நாள்ல ஒண்ணும் மாறியிருக்காது. இவ்வளவு சீக்கிரம் வர்றவங்க குறைவு" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது நுஸைபா வேம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்கள்ல? ஒண்ணும் மாறலையாம்" என்றாள். நுஸைபா அதை டாக்டரிடம் கேட்டதே தன்னை ஆற்றத்தான் என்று வேம்புக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது நாளை அந்தப் பெண் இறக்கி வைத்துவிட்டாள். மூன்று மாதம் மட்டும் அப்படியே இருந்தது. அதை யார் கேட்டும் இறக்க முடியாது.

ஷிஃபாவுக்குத் தலையை மழித்தார்கள், ஆப்பரேஷன் செய்தார்கள், பன்னிரண்டு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். இர்பான் குவைத்திலிருந்து போன் பண்ணிப் பேச முடியாமல் அழுதான். வாந்தி நின்றது. நடை மட்டும் வரவில்லை, பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இதற்கிடையில் வேம்புவின் வேலை போய்விட்டது. வாந்தி விவரம் மேலே எழுத வேண்டியதாகிவிட்டது, எழுதினால் சமையல்காரியின் பிள்ளை எந்த வகுப்பு என்று ஒரு கேள்வி வரும், வந்தது. சாவியைச் செம்மொழியிடம் கொடுக்கும்போது வேம்பு, "ரவையை ரெண்டு தடவை சலிச்சிடு" என்று மட்டும் சொன்னாள். மறுவாரமே குறுவை அறுப்பில் வைக்கோல் கட்டப் போய்விட்டாள்.

பெற்றோர் கூட்டத்துக்குக் கனிமொழி டீச்சர் அவளை வரச்சொன்னார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றபடியே பேசினாள். காலைத் தலைவலி, வாந்தி, நடையில் தடுமாற்றம், தலை சாய்கிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, இவ்வளவுதான் சொன்னாள். பின்னாலிருந்து ஒருத்தர், "அப்ப வாந்தி எடுக்கிற புள்ளைக்கெல்லாம் தலையில கட்டியா வேம்பு?" என்றார்.

"இல்லீங்க. ரொம்ப ரொம்ப அபூர்வம்னுதான் டாக்டரும் சொன்னார். ஆனா பள்ளிக்கூடம் இல்லாத அன்னைக்கும் எடுத்தா, ரெண்டு வாரமா விடாம எடுத்தா, கூட நடையும் மாறினா, மத்த வைத்தியத்தை அப்புறம் வச்சுக்கங்க, மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. போய் ஒண்ணுமில்லைன்னு வந்தா எனக்கு ஆள் விடுங்க. நானே வந்து உங்களுக்கு பிரியாணி போடுறேன்."

சிரித்தார்கள். சிரித்துவிட்டு, யாரும் எழுந்து போகவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் நுஸைபா தஞ்சாவூரிலிருந்து போன் பண்ணினாள். கரண்டு வைத்தியம் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு, வெந்நீரில் இளக்கிய ஒரு வலையை முகத்தில் வைத்து அமுக்கி அச்சு எடுப்பார்கள். அந்த முகமூடியை மாட்டி, தலை அசையாமல் பலகையோடு பூட்டித்தான் முப்பது நாளும் மிஷின் ஓடுகிற நேரம் படுக்க வைக்க வேண்டும். ஷிஃபா வலையைப் பார்த்ததும் அலறி, நர்ஸைக் கடித்துவிட்டாள். திங்கட்கிழமை ஒரு தடவை பார்ப்போம், முடியாவிட்டால் தினமும் மயக்க மருந்து கொடுத்துத்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். "தினமும் பட்டினி போட்டு மயக்கணுமாம்க்கா. ஏற்கனவே புள்ளை கரைஞ்சு போயிட்டா."

வேம்பு போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தாள். கல்யாணப் புடவைக்கு அடியில் அது இருந்தது.

புகழின் முகமூடி. வைத்தியம் முடிந்த அன்று, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்கள். வெள்ளை வலையில் அப்படியே அவன் முகம். மூடிய கண், மூக்கு, கொஞ்சம் தூக்கலான மேலுதடு. சாம்பலை ஆற்றில் கரைத்தபோது இதையும் விட்டுவிடலாம் என்றார் அண்ணாதுரை, அவள் புருஷன். "விட்டாச்சு" என்று பொய் சொல்லி மறைத்தாள். அறுவடை மிஷின் ஓட்டுகிற மனுஷன், அதிகம் பேசாதவர். அவர் அயலூர் போகிற நாட்களில் மட்டும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

முகமூடியை மஞ்சள் பையில் வைக்கும்போது அண்ணாதுரை வாசலில் நின்றிருந்தார். அவள் அசையாமல் நின்றாள்.

"தெரியும்" என்றார் அவர். "நானும்தான் எடுத்துப் பார்ப்பேன், நீ சமைக்கப் போனப்புறம்." உள்ளே வந்து பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுல கூட்டமா இருக்கும், நசுங்கிடாம மடியில வச்சுக்க" என்றார்.

வார்டில் நுஸைபா பைக்குள் எட்டிப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினாள். செத்துப்போன பிள்ளையின் முகம். வேம்பு பையின் வாயைச் சுருட்டினாள். "உனக்கு மனசு ஒப்பலைன்னா வேணாம் தங்கச்சி. ஊர்ல இருந்து பழம் கொண்டாந்தேன்னு நினைச்சுக்க."

நுஸைபா பிள்ளையைப் பார்த்தாள். மொட்டைத் தலையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்தபடி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அதை வெளியே எடுத்தாள்.

ஷிஃபா திரும்பினாள். "இது யாரு மூஞ்சி?"

"எங்க வீட்டுப் புகழ் அண்ணன் மூஞ்சி."

"மூக்கு பெருசா இருக்கு."

"அவங்கப்பா மூக்கு. என்ன பண்றது?"

பிள்ளை விரலை நீட்டி வலையைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணன் அழுதானா?"

"மொத நாள் அழுதான். உன்னை மாதிரி கடிக்கலை."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள படுத்துக்கிட்டு மனசுக்குள்ளயே சொல்லுவான். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல்னு. அப்படியே சுத்திச் சுத்திச் சொல்லிக்கிட்டிருக்கையில மிஷின் நின்னுடும்."

"சனி ஞாயிறு?"

"அது லீவு. மிஷினுக்கும் லீவு."

ஷிஃபா யோசித்தாள். "அண்ணன் இப்ப பெரிசாயிட்டானா?"

நுஸைபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாலாவது படிப்பான் இப்ப" என்றாள் வேம்பு.

பிள்ளை முகமூடியை வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது பெரிது. நழுவாமல் இருக்க வேம்பு இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூடிய இமைகளின் வலைக்குப் பின்னால் இரண்டு கண்கள் திறந்து மூடின. மூக்கிருந்த இடத்திலிருந்து மூச்சு சூடாக வந்து அவள் உள்ளங்கையில் பட்டது.

"சொல்லுங்க உப்புமா அம்மா" என்றது உள்ளிருந்து குரல். "திங்கள்?"

வேம்பு குனிந்து வலையின் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"உப்புமா" என்றாள்.